இன்மை அறிக்கை

எக்செல்லில் நான் எழுதிய சூத்திரங்களிலேயே மிகச் சின்னது அதுதான். கட்டம் காலியாக இருந்தால் பூஜ்யம் போடு. எண் இருந்தால் அதை அப்படியே காட்டு. எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதில் என்ன தப்பு என்று எனக்கு உறைக்க இரண்டரை வருஷம் ஆயிற்று. உறைத்ததை வாய் திறந்து சொல்ல அதற்கு மேலும் ஒரு காலாண்டு ஆயிற்று. அந்த ஒரு காலாண்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு முன்கதை கொஞ்சம் இருக்கிறது.

2019 இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு மாநிலத் தலைநகரில் எனக்கு ஒப்பந்த வேலை கிடைத்தது. கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்து, ஐந்து வருஷம் வீட்டில் இருந்து, வேலை செய்ய அனுமதிச் சீட்டு கைக்கு வந்த பிறகு கிடைத்த முதல் வேலை. ஃபெடரல் அரசு காவல்துறைக்கும் நீதிமன்றங்களுக்கும் தரும் மானியத்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் மாநில அலுவலகம் அது. ஒவ்வொரு மாநிலத்திலும் அப்படி ஒன்று உண்டு. நான் தரவு பார்ப்பவள். யார் எவ்வளவு வாங்கினார்கள், எதற்குச் செலவழித்தார்கள், கணக்கு வந்ததா, வராவிட்டால் நினைவூட்டு. நாற்பதுக்குப் பக்கத்தில் வயது, நீண்ட இடைவெளிக்குப் பின் முதல் சம்பளம். மேலாளர் எதைக் கொடுத்தாலும் முகம் கோணாமல் வாங்கிக்கொள்வேன்.

அந்த மானியங்களில் பெரியதை, அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து, அலுவலகத்தில் எல்லோரும் 'ஜாக் பணம்' என்பார்கள். எட்வர்ட் பைர்ன் என்ற இளம் போலீஸ்காரரின் பெயர் தாங்கியது. 1988 பிப்ரவரியில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், போதைமருந்துக் கும்பலைப் பற்றிப் போலீஸில் புகார் சொன்னவரின் வீட்டுக்குக் காவலாகத் தன் காரில் உட்கார்ந்திருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 22. ஒரு சாவின் நினைவாக ஓடும் பணம் அது. வேறு பல சாவுகளை எண்ணச் சொல்லும் சட்டத்துக்கும் அந்தப் பணத்தைத்தான் கயிறாகக் கட்டியிருக்கிறார்கள் என்பது வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

காவலில் நிகழும் மரணங்களை அறிவிக்கும் சட்டம் என்று அதைச் சொல்லலாம். முதலில் 2000-இல் வந்தது. 2006-இல் காலாவதியானது. மறுபடி கொண்டுவந்ததை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் என்பார்கள். ஒபாமா கையெழுத்துப் போட்டது 2014 டிசம்பரில், ஃபெர்குசனில் கறுப்பின இளைஞர் ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதால் எழுந்த கொந்தளிப்பு அடங்காத மாதங்களில். கைதாகிக்கொண்டிருப்பவர், கைதானவர், வண்டியில் போய்க்கொண்டிருப்பவர், கவுன்ட்டி ஜெயிலில் விசாரணைக்குக் காத்திருப்பவர், மாநிலச் சிறையில் தண்டனை கழிப்பவர் என யார் செத்தாலும் மாநிலம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீதித்துறைக்குச் சொல்ல வேண்டும். பெயர், பால், இனம், வயது. செத்த தேதி, நேரம், இடம். பிடித்து வைத்திருந்த துறை எது. எந்தச் சூழ்நிலையில் என்று சுருக்கமாக ஒரு விவரம். கேட்பது இவ்வளவுதான். சொல்லாத மாநிலத்தின் ஜாக் பணத்தில் 10 விழுக்காடு வரை அட்டர்னி ஜெனரல் வெட்டலாம்.

2019 வரை இந்தக் கணக்கை எடுத்துவந்தது நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு. சட்டம் காலாவதியான பிறகும் அவர்கள் விடவில்லை. நாடெங்கும் 3,000-ஐ ஒட்டி இருக்கும் உள்ளூர் ஜெயில்களுக்கு நேராகவே எழுதி, நேராகவே விவரம் வாங்கினார்கள். தண்டனை இல்லை, கட்டாயம் இல்லை. ஆனாலும் அநேகமாக எல்லா ஜெயில்களும் பதில் போட்டன. அந்த வரிசையின் கடைசி வருஷமான 2019-இல் உள்ளூர் ஜெயில்களில் மட்டும் 1,200 பேர் செத்தார்கள் என்று நம்மால் சொல்ல முடிவது அவர்களால்தான். ஆனால் புதிய சட்டத்தில் பணவெட்டு இருக்கிறது. புள்ளிவிவரப் பிரிவு தான் திரட்டும் தகவலைத் தண்டிக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் அடிப்படை விதி. ஆகவே வேலை அங்கிருந்து பிடுங்கப்பட்டு மானியம் தரும் பிரிவுக்குப் போனது. மானியப் பிரிவு அதை மானியம் வாங்கும் மாநில அலுவலகங்களின் தலையில் கட்டியது. 2019 அக்டோபர் தொடங்கிய காலாண்டிலிருந்து. எங்கள் அலுவலகத்தில் அந்தத் தலை என்னுடையது.

நாங்கள் என்ன செய்தோம்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கவுன்ட்டி ஷெரிஃப்களுக்கும் போலீஸ் துறைகளுக்கும் ஒரு மின்னஞ்சல். 'கடந்த காலாண்டில் உங்கள் காவலில் மரணம் நேர்ந்திருந்தால் இணைப்பிலுள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும்.' முகவரிப் பட்டியல் எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போனது. அதில் சில முகவரிகளின் சொந்தக்காரர்கள் ஓய்வு பெற்று வருஷக்கணக்காகியிருந்தது. ஷெரிஃப் என்பவர் தேர்தலில் நின்று ஜெயித்து வருபவர். ஆளுநருக்கோ எங்களுக்கோ அவர் கீழ்ப்பட்டவர் அல்ல. பதில் போடாவிட்டால் நாங்கள் செய்யக்கூடியது இன்னொரு மின்னஞ்சல். சில ஊர்களிலிருந்து ஒழுங்காகப் பதில் வந்தது. மாநிலச் சிறைத்துறையிலிருந்து பட்டியலே வந்தது. பல ஊர்களிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அறிக்கையை ஏற்றும் ஃபெடரல் தளம் இரண்டில் ஒன்றைக் கேட்கும்: இத்தனை மரணம், அல்லது மரணமே இல்லை என்ற உறுதி. 'பதில் வரவில்லை' என்று சொல்ல அதில் இடம் இருந்திருக்கலாம், நான் தேடவில்லை. என் எக்செல் தாளில் கவுன்ட்டிகளின் பெயர் இடப்பக்கம், காலாண்டுகள் மேலே, நடுவில் ஆங்காங்கே ஓட்டை. ஓட்டைகளோடு மேலாளரிடம் கொண்டுபோனால் கேள்வி வரும். அந்தச் சூத்திரத்தை எழுதி, மூலையைப் பிடித்துக் கடைசி வரி வரை இழுத்தேன். மழைக்குப் பின் நிரம்பிய வயல் மாதிரி தாள் முழுக்கப் பூஜ்யம். மேலாளர் பார்த்துவிட்டு, "சுத்தமாக இருக்கிறதே" என்றார். அந்த வார்த்தையை அன்று மாலை வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

வந்த படிவங்களும் வந்தன என்றுதான் சொல்ல வேண்டும். சூழ்நிலை விவரம் என்ற கட்டத்தில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதியிருப்பார்கள்: கைதி அறையில் அசைவின்றிக் காணப்பட்டார். எப்போது கடைசியாகப் பார்த்தார்கள், யார் பார்த்தது, மருந்து கேட்டாரா, கொடுத்தார்களா, ஒன்றும் இருக்காது. சிலர் 'கொரோனரைக் கேட்கவும்' என்று எழுதிவிட்டு விடுவார்கள். சாவின் காரணத்தை விசாரித்துச் சொல்லும் அதிகாரியான கொரோனரும் பல மாநிலங்களில் தேர்தலில் ஜெயித்து வருபவர்தான். மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூடப் பல இடங்களில் கிடையாது. நான் அந்த வாக்கியங்களை ஒற்றி ஒட்டினேன். ஒரு மதியத்தில் ஆறு பேர் அசைவின்றிக் காணப்பட்டார்கள். ஏழாவதை ஒட்டும்போது தேநீர் ஆறிவிட்டதே என்ற கவலைதான் எனக்கு இருந்தது.

2022 ஜூன் மாதம், மதியச் சாப்பாட்டு நேரம். டப்பாவில் புளியோதரை, பக்கத்தில் போன். உள்ளூர்ச் செய்தித்தாளின் நீதிமன்றச் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. சிறு கவுன்ட்டி ஒன்றின் ஜெயிலில் முந்தைய வருஷம் இறந்துபோன ஒரு வாலிபனின் குடும்பம் வழக்குப் போட்டிருக்கிறது. சின்னத் திருட்டு, ஜாமீனுக்குப் பணம் கட்ட வழியில்லை, உள்ளே போன நான்காம் நாள் சாவு. தேதி போட்டிருந்தது. அந்தக் கவுன்ட்டியின் பெயரை நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன், அகர வரிசையில் நடுவில் வரும். கையைக்கூடக் கழுவாமல் மேசைக்குப் போய்த் தாளைத் திறந்தேன். அந்தக் காலாண்டு, அந்த வரி: பூஜ்யம்.

கட்டத்தைச் சொடுக்கினால் மேலே பட்டையில் சூத்திரம் தெரியும். அவர்கள் சொன்ன பூஜ்யம் அல்ல அது, நான் போட்டது. அதே வரியில் பின்னோக்கிப் போனேன். அந்தக் கவுன்ட்டி ஒருமுறைகூடப் பதில் போட்டதில்லை. பிறகு மற்ற வரிகளைப் பார்த்தேன். ஒருமுறைகூட வாய் திறக்காத கவுன்ட்டிகளை எண்ண இரண்டு கை விரல்களையும் இரண்டு சுற்று மடக்கியும் போதவில்லை. எல்லாவற்றிலும் வரிசையாகப் பூஜ்யம். யாரும் சாகவில்லை என்று இரண்டரை வருஷமாக ஃபெடரல் அரசுக்கு உறுதி கொடுத்திருப்பது, அந்த ஊர்களில் ஒன்றுக்குக்கூடப் போனில் பேசாத நான்.

உடனே எழுந்து மேலாளர் அறைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. என் ஒப்பந்தம் செப்டம்பரில் புதுப்பிக்கப்பட வேண்டும். மகனுக்குப் பல்லில் கம்பி போட நாள் குறித்தாயிற்று. இதையெல்லாம் இப்போது எழுதும்போது சாக்கு மாதிரி இருக்கிறது, அப்போது காரணம் மாதிரிதான் இருந்தது. ஜூலையில் அடுத்த அறிக்கை. தெரிந்தே அதே தாளை, அதே சூத்திரத்தோடு அனுப்பினேன். இந்த முறை மூலையைப் பிடித்து இழுக்கும்போது கை கொஞ்சம் நின்றது. நின்றது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 20 அன்று அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு இந்த விஷயத்தை எடுத்தது. ஜார்ஜியாவின் ஜான் ஆஸாஃப் அப்போது அதன் தலைவர். அலுவலகத்தில் எல்லோரும் நேரலையில் பார்த்தோம், எங்கள் பெயர் அடிபடுமோ என்ற பயத்தில். அடிபடவில்லை. அடிபட்டது நீதித்துறை. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. ஓர் எளிய வேலையைச் செய்திருந்தது. மாநிலங்கள் அனுப்பிய கணக்கை எடுத்து, மாநிலச் சிறைத்துறைகள் தங்கள் இணையதளத்தில் தாங்களே போட்டிருந்த மரணங்களோடும், கைதின்போது நேரும் சாவுகளுக்கான பொதுத் தரவோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. 2021 நிதியாண்டில் மட்டும் 990 மரணங்கள் விடுபட்டிருந்தன. அவற்றில் 341 மாநிலங்களின் சொந்தத் தளங்களிலேயே கிடந்தவை. வந்த பதிவுகளிலும் 70 விழுக்காட்டில் ஏதோ ஒரு கட்டாய விவரம் இல்லை. 40 விழுக்காட்டில் சூழ்நிலை விவரமே இல்லை.

மற்றவர்கள் இந்த எண்களைக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு அதற்கு முன் நடந்தது போதுமாக இருந்தது. ஜார்ஜியாவில் ஜெயிலில் மகனை இழந்த ஒரு தாயும் லூசியானாவில் சகோதரனை இழந்த ஒரு பெண்ணும் சாட்சி சொன்னார்கள். அந்த மகன் ஜெயிலிலிருந்து தாயோடு போனில் பேசிய பதிவை அவையில் ஒலிக்கவிட்டார்கள். உடம்பு முடியாத குரல். அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம், யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்தக் குரல் என் தாளில் எந்தக் கட்டத்தில் இருந்திருக்கும் என்று யோசித்தேன். எங்கள் மாநிலம் இல்லை, என் தாள் இல்லை. இருந்தாலும்.

மறுநாள் காலை மேலாளரிடம் சொன்னேன். அந்த நீதிமன்றச் செய்தியையும் சூத்திரத்தையும் காட்டினேன். ஜூலை அறிக்கையைத் தெரிந்தே அனுப்பியதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. நெடுநேரம் தாளைப் பார்த்துவிட்டு, "நானும்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேசினேன். அறந்தாங்கிப் பக்கம் கிராமங்களில் வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறப்பு இறப்புப் பதிவேடு அவர் கையில் இருந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீளமான பதிவேடு, மண்ணெண்ணெய் வாசனையும் மை வாசனையும் கலந்து வரும். யார் வீட்டில் சாவு என்றாலும் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் யாராவது வந்து திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போவார்கள். வராவிட்டால் அப்பாவே சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, தகவல் வரலைன்னா தகவல் வரலைன்னு எழுதணும். ஒண்ணும் இல்லைன்னு நீ எப்படி எழுதுவ?"

"ஃபார்ம்ல அப்படித்தாம்ப்பா இருந்துச்சு."

"ஃபார்ம் என்னம்மா ஃபார்ம். மாசாமாசம் நான் தாலுகாவுக்கு இன்மை அறிக்கை கொடுப்பேனே, ஞாபகம் இருக்கா? ஒரு சாவும் இல்லைன்னா, இல்லைன்னு எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். கொடுக்கலைன்னா தாசில்தார் மெமோ விடுவாரு. இன்மைன்னு சொல்றதுக்கும் ஒரு ஆள் பொறுப்பு ஏத்துக்கணும்."

ஞாபகம் இருந்தது. சொல்லப்போனால் சில மாதங்களில் அந்த இன்மை அறிக்கையை எழுதியதே நான்தான்; எட்டாவது படிக்கையில் என் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று அப்பா எழுதச் சொல்வார், கடைசியில் அவர் கையெழுத்து மட்டும் போடுவார். நம் நாட்டின் 1969-ஆம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலும் சிறையில் சாவு நேர்ந்தால் தெரிவிக்க வேண்டியவர் பொறுப்பிலிருக்கும் ஜெயிலர் என்று ஆளைச் சுட்டித்தான் எழுதியிருக்கிறார்கள். காவல் மரணம் என்றால் 24 மணி நேரத்துக்குள் தங்களுக்குத் தெரிய வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையம் மாவட்ட ஆட்சியர்களுக்கும் எஸ்.பி.க்களுக்கும் சொன்னது 1993 டிசம்பரில். நம்மூரில் காவல் மரணம் ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்ததில் ஒரு தந்தையும் மகனும் செத்த பிறகு அப்படிச் சொல்ல எந்தத் தமிழருக்கும் நா எழாது. யார் சொல்ல வேண்டும் என்பதாவது அங்கே எழுத்தில் இருக்கிறது. எனக்கு ஒரு மின்னஞ்சல் பட்டியல் இருந்தது.

2023-இல் இந்த அறிக்கை முறையைச் சீர்படுத்தவென்று எங்கள் அலுவலகம் ஃபெடரல் மானியத்துக்கு விண்ணப்பித்தது. விண்ணப்பத்தை எழுதும் பொறுப்பு எனக்கே வந்தது. பிராயச்சித்தம் என்று நினைத்துக்கொண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன். இங்கேதான் என் இரண்டாவது தப்பு.

மானிய விண்ணப்பத்துக்கென்று ஒரு பாஷை இருக்கிறது. அதில் ஆள் வராது, அமைப்பு வரும். போன் வராது, போர்ட்டல் வரும். நான் கேட்டது ஒரு போர்ட்டல். ஷெரிஃப் அலுவலகங்கள் நேராக உள்ளே நுழைந்து படிவம் நிரப்பலாம், தானாக நினைவூட்டல் போகும், மேலே அழகான டாஷ்போர்டு, பச்சை மஞ்சள் சிவப்பு. பணம் வந்தது. பெரும்பகுதி மென்பொருள் நிறுவனத்துக்குப் போனது. பட்ஜெட்டின் கடைசி வரியில், மீந்த தொகைக்கு, பகுதிநேரமாக ஓர் ஆள் என்று மேலாளர் சொல்லித்தான் சேர்த்தேன். எனக்கு அது வீண் என்றே பட்டது.

போர்ட்டல் 2024-இல் திறந்தது. முதல் காலாண்டில் பாதி ஊர்கள் உள்ளேயே நுழையவில்லை. சின்னக் கவுன்ட்டி ஜெயில் என்றால் எப்படி என்று ஒன்றைப் போய்ப் பார்த்த பிறகுதான் புரிந்தது. முப்பது கட்டில், இரவில் இரண்டு காவலர். பதிவு வேலை, சாப்பாட்டு ஆர்டர், கைரேகை, பார்வையாளர் நேரம் எல்லாம் ஒரே அம்மாள். அவர் மேசையில் கணினித் திரையைச் சுற்றி மஞ்சள் ஒட்டுச்சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு கடவுச்சொல். மாநிலப் போலீஸுக்கு ஒன்று, நீதிமன்றத்துக்கு ஒன்று, மருந்து சப்ளைக்கு ஒன்று. எங்கள் சீட்டும் இருந்தது. அதன் மேல் வேறொரு சீட்டு ஒட்டியிருந்தது. "உங்க மின்னஞ்சலெல்லாம் வருது, ஆனா யாரோட பேசணும்னு அதுல போடலையே" என்றார். உண்மைதான். கீழே அலுவலகப் பொது எண்தான் இருக்கும்.

அந்தப் பகுதிநேர ஆளாக வந்தவர் கவுன்ட்டி ஜெயில் ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார்ஜென்ட். எல்லோரும் இப்போதும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். வாரம் மூன்று நாள், ஒரு கட்டுப் பேப்பர், ஒரு பென்சில், மேசைத் தொலைபேசி. முதல் நாளே என் தாளை அச்செடுத்துத் தரச் சொன்னார். எல்லாப் பூஜ்யங்களையும் பென்சிலால் அடித்துவிட்டு ஓரத்தில் மூன்று பத்தி போட்டார்: கேட்ட தேதி, பதில் சொன்னவர் பெயர், சொன்ன பதில். நடுப்பத்தியைப் பார்த்ததும் எனக்கு அறந்தாங்கித் திண்ணைதான் ஞாபகம் வந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அரை மணி நேரம் விளக்க வேண்டும்.

அவர் ஒருபோதும், "மரணம் உண்டா?" என்று தொடங்குவதில்லை. ஜெயிலில் இப்போது எத்தனை பேர், கூரை ஒழுகியதே சரிசெய்தார்களா, அந்த லெப்டினன்ட் இன்னும் இருக்கிறாரா. பிறகுதான் விஷயம். இல்லை என்று பதில் வந்தாலும் போனை வைக்கமாட்டார். இரண்டாவதாக ஒரு கேள்வி உண்டு. "ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, திரும்பி வராமப் போனவங்க யாராவது?"

அந்தக் கேள்வியின் அருமை எனக்கு முதலில் தெரியவில்லை. அவர்தான் சொன்னார். கைதிக்கு மூச்சுத் திணறுகிறது, ஆம்புலன்ஸில் போகிறார், வென்டிலேட்டரில் வைக்கிறார்கள். பிழைக்கமாட்டார் என்று தெரிந்ததும் ஜெயிலிலிருந்து நீதிபதிக்குப் போன் போகும். சொந்தப் பிணையில் விடுவித்து உத்தரவு வரும். கட்டிலோடு பூட்டிய விலங்கைக் கழற்றிக்கொண்டு காவலர் கிளம்பிவிடுவார். ஆஸ்பத்திரிச் செலவும் கவுன்ட்டியின் தலையில் விழாது. இரண்டு நாள் கழித்துச் செத்தால் அவர் சுதந்திர மனிதராகச் செத்தவர், கணக்கில் வரமாட்டார். "பொய் சொல்றாங்கன்னு நினைக்காதீங்க," என்றார் சார்ஜென்ட். "பேப்பர்படி அவன் எங்க ஆள் இல்லை. நானே அப்படி இரண்டு பேரை அனுப்பியிருக்கேன்." கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவினார். சீவ வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

பணவெட்டைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் என் கருத்து கொஞ்சம் முரட்டுத்தனமானது. 10 விழுக்காடு வெட்டுவோம் என்ற மிரட்டல் வேலை செய்யாது. செனட் விசாரணை நடந்த வரையில் ஒரு மாநிலத்துக்கும் அதைப் பயன்படுத்தியதில்லை. பயன்படுத்தினாலும் அடி விழுவது ஜாக் பணத்தில் ஓடும் போதை நீதிமன்றத்துக்கும் சின்ன ஊர்ப் போலீஸுக்கும். சொல்லாமல் விட்ட ஷெரிஃபுக்கு வலிக்காது. மிரட்டலால் உண்டான ஒரே விளைவு எதுவென்றால், என் மாதிரி ஆட்கள் ஓட்டையைப் பூஜ்யத்தால் அடைக்கக் கற்றுக்கொண்டது. அதே ஜாக் பணத்தில் நிர்வாகச் செலவுக்கென்று 10 விழுக்காடு வரை மாநிலம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் விதி இருக்கிறது. தொடக்கத்திலேயே அதில் கொஞ்சத்தைக் கிள்ளி ஒரு சார்ஜென்ட்டை உட்கார வைத்திருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. யாருக்கும் தோன்றவும் இல்லை, எனக்கும் சேர்த்து.

சில மாநிலங்கள் ஃபெடரல் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. டெக்சாஸில் காவல் மரணம் நேர்ந்தால் 30 நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலுக்கு அறிக்கை போக வேண்டும். கலிஃபோர்னியாவில் 10 நாள். லூசியானாவில் ஆண்ட்ரியா ஆம்ஸ்ட்ராங் என்ற சட்டப் பேராசிரியர், நியூ ஆர்லியன்ஸ் லயோலா பல்கலைக்கழகத்தில் தன் மாணவர்களை வைத்து ஒவ்வொரு ஜெயிலுக்கும் பொதுப்பதிவுச் சட்டத்தின் கீழ் கடிதம் எழுதி, செத்தவர்களின் கணக்கை ஒவ்வொருவராக எடுத்தார். நம்மூர் ஆர்.டி.ஐ. மனு மாதிரி. அரசாங்கம் செய்யாததை ஒரு வகுப்பறை செய்தது. அதைப் படித்தபோது பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யாத வேலை அது.

பழைய காலாண்டுகளைத் திருத்தி அனுப்பும் வேலை இன்னும் முடியவில்லை. அந்த வாலிபனின் பதிவை நானே ஏற்றினேன். பெயர், வயது, தேதி எல்லாம் வழக்குக் காகிதங்களில் இருந்தன. நேரம் என்ற கட்டத்தில் நின்றுவிட்டேன். கொரோனரின் காகிதத்தில் இருந்தது கண்டுபிடித்த நேரம், காலை 6.10. செத்த நேரம் யாருக்கும் தெரியாது. காலியாக விட்டால் தளம் ஏற்காது. 6.10 என்று போட்டு, சூழ்நிலைக் கட்டத்தில் இது கண்டுபிடித்த நேரம், இறந்த நேரம் பதிவாகவில்லை, இரவில் கடைசியாகப் பார்த்ததற்கான குறிப்பு ஜெயிலில் இல்லை என்று எழுதினேன். அந்த வருஷத்துக்கான மொத்தம் ஒன்று கூடியது.

போன வாரம் என் மேசைக்கு எதிரில் சார்ஜென்ட் ஒரு கவுன்ட்டியோடு பேசிக்கொண்டிருந்தார். பழைய பட்டியலில் ஒருமுறையும் வாய் திறக்காத ஊர்களில் ஒன்று. பேசியது ஓர் இளம்பெண், வேலைக்குப் புதுசு போல. கூரை, லெப்டினன்ட், பனிப்பொழிவு எல்லாம் முடிந்தது. "இந்தக் காலாண்டுல யாரும் இல்லை சார்" என்ற பதில் எனக்கே கேட்டது. அவர் தேதியை எழுதினார். அவள் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதினார். பிறகு தன் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.

மறுமுனையில் சத்தம் இல்லை. காகிதம் புரளும் ஒலி.

"அவரையும் கணக்குல சேர்க்கணுமா சார்?" என்றாள். "ஒரு நிமிஷம் இருங்க, பார்த்துட்டு வர்றேன்."

காத்திருப்பு இசை ஒலிக்கத் தொடங்கியது. சார்ஜென்ட் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டு, பேப்பர் கட்டை என் பக்கம் தள்ளினார். நான் பென்சிலை எடுத்துக்கொண்டேன்.